நீருக்குள் அனல் காத்தல்



காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகின்ற இடத்தை அடுத்து, வாழையும் நெல்லும் சூழ அமைந்திருக்கும் இந்தத் திருக்காட்டுப்பள்ளியில், அக்கினி பகவானே வந்து வழிபட்டதாகத் தலபுராணம் கூறும் தீயாடியப்பர் கோயில் கொண்டிருக்கும் ஊரில், நீரையும் அனலையும் ஒருசேர வைத்துப் பேச வாய்த்ததை என் பாக்கியமாகவே கருதுகிறேன். இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், குளிர்ந்த நீரின் அடியில் இறங்கி வேலை செய்யும் மனிதன் தன் தேகத்தின் உஷ்ணத்தை எவ்வாறு காத்துக்கொள்கிறான் என்பதும், அதற்காக அவன் உடுத்துகின்ற டிரைசூட் என்னும் உலருடையின் தத்துவம் யாது என்பதுமாகும்.

நெற்களஞ்சியத்தில் பிறந்த நமக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஏன் வேண்டாம்? ஐப்பசி மாதத்தில் துலா ஸ்நானம் செய்து நடுங்கிக் கரையேறுகிறவர்கள் நாம் அல்லவா? சேற்று நீரில் காலையிலிருந்து மாலைவரை குனிந்து நின்று நடவு நடுகிற தாய்மார்கள் நம் வீட்டுப் பெண்கள் அல்லவா? கொள்ளிடத்தில் வெள்ளம் புரளும்போது ஆற்றில் சிக்கியவர்களைத் தேடி இறங்குகிற தீயணைப்பு வீரர்கள் நம் பிள்ளைகள் அல்லவா? கடற்படையிலும் கடலோரக் காவல் படையிலும் சேர்ந்து, எந்தெந்த சமுத்திரத்திலோ பணி செய்கிறவர்களும் நம் மண்ணிலிருந்து சென்றிருக்கிறார்கள். நார்வே தேசத்தின் வடகோடியான ஃபின்மார்க்கில், பனிக்கடலின் ஓரத்தில், மீன் தொழிற்சாலைகளில் உழைத்துக் குடியேறி வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஆகவே நீரின் குளிர் தமிழனுக்கு அந்நியமான விஷயமே அன்று.

முதலில் ஒரு கேள்வி. இருபத்தெட்டு டிகிரி வெயிலில் சட்டையைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் நமக்குக் குளிர்கிறதா? இல்லை. அதே இருபத்தெட்டு டிகிரி உள்ள நீரில் இரண்டு மணி நேரம் கழுத்தளவு நின்றால்? உதடு நீலம் பாரிக்கிறது, விரல் சுருங்குகிறது, பற்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. வெப்பமானி இரண்டு இடத்திலும் ஒரே எண்ணைத்தான் காட்டுகிறது. தேகமோ வேறு செய்தி சொல்கிறது. ஏன்?

காற்றைக் காட்டிலும் நீர் உஷ்ணத்தைச் சுமார் 25 மடங்கு விரைவாகக் கடத்துகிறது. அதுமட்டுமன்று, ஒரு கன அளவு காற்றை ஒரு டிகிரி சூடாக்குவதற்கு வேண்டிய உஷ்ணத்தைப்போல் ஏறக்குறைய 3500 மடங்கு உஷ்ணம் அதே கன அளவு நீரைச் சூடாக்குவதற்கு வேண்டும். நம் தேகத்தின் உள் உஷ்ணம் 37 டிகிரி. அசையாமல் நீரில் இருக்கும் வெற்றுடம்பு, உஷ்ணம் குறையாமல் தாக்குப்பிடிக்க வேண்டுமானால், அந்த நீர் ஏறக்குறைய 33 முதல் 35 டிகிரி வரையில் இருந்தாக வேண்டும். அத்தனை வெதுவெதுப்பான கடல் உலகத்தில் மிக அரிது. எனவே நாம் குளிர்கடல் என்று சொல்லாத நம் மன்னார் வளைகுடாவும், கணந்தோறும் மனித தேகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அனலை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. துருவப் பிரதேசத்துக் கடலுக்கும் நம் கடலுக்கும் உள்ள வித்தியாசம் வாங்குகின்ற வேகத்தில் மட்டுமே உள்ளது.

உடம்பு சும்மா இருப்பதில்லை. குளிர் தாக்கியவுடனே தோலுக்கும் கைகால்களுக்கும் போகின்ற இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இருதயம், மூளை முதலிய ராஜ உறுப்புகளுக்கு இரத்தத்தைத் திருப்பி விடுகிறது. பிறகு தசைகளை நடுங்க வைத்து, அந்த நடுக்கத்தினாலேயே புதிய உஷ்ணத்தை உண்டாக்கப் பார்க்கிறது. உள்ளே தள்ளப்பட்ட இரத்தம் மிகையாகி விட்டதென்று கருதிச் சிறுநீரகம் நீரை வெளியேற்றுகிறது. அதனால்தான் குளிர்நீரில் இறங்கியவர்களுக்குச் சிறுநீர் அடிக்கடி பிரிகிறது. தண்ணீருக்குள்ளேயே இருந்துகொண்டு தேகம் நீர் வற்றிப் போகிற விந்தையும் நிகழ்கிறது. உள் உஷ்ணம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அறிவு மங்கத் தொடங்கும், சொல் குழறும், கை சொன்னபடி கேட்காது. 32 டிகிரியை நெருங்கும்போது நடுக்கமும் நின்றுவிடும். நடுக்கம் நின்றதைக் கண்டு, குளிர் விட்டுவிட்டது என்று எவனாவது எண்ணினால் அவன் உயிருக்கே அபாயம். 1912-ஆம் ஆண்டு டைட்டானிக் கப்பல் மூழ்கிய இரவில், மிதவை அங்கி அணிந்திருந்தும் நூற்றுக்கணக்கானோர் மாண்டதற்குக் காரணம், உறைநிலைக்கும் கீழே இருந்த அந்த நீரின் குளிரே.

நம் முன்னோர் இந்தக் குளிரை எப்படி எதிர்கொண்டார்கள்? கொற்கையின் முத்து உலகப் புகழ் பெற்றது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ முத்துக்குளிப்பைப் பற்றி விரிவாக எழுதி வைத்தார். தூத்துக்குடிக்கு அப்பால் தோலாயிரம் பார் முதலான முத்துப் பார்களில், காலில் கல்லைக் கட்டி விரைந்து இறங்கி, ஒரு நிமிஷம் மூச்சடக்கிச் சிப்பிகளைக் கூடையில் வாரிப்போட்டு, கயிற்றை அசைத்து மேலே வந்து, மறுபடியும் இறங்கி, மறுபடியும் வந்து, இப்படிப் பொழுது சாயும்வரை உழைத்தவர்களின் உடம்பில் இருந்த உடை அரைத்துணி ஒன்றுதான். கடல் அமைதியாகவும் வெயில் கடுமையாகவும் இருக்கும் பங்குனி, சித்திரை மாதங்களையே குளிப்புக்குத் தெரிந்தெடுத்தார்கள். ஒருவர் இறங்க, ஒருவர் படகில் இருந்து வெயில் காய்ந்தார். அந்த முறைமாற்றத்தில் மூச்சும் தேறியது, இழந்த அனலும் ஓரளவு திரும்பியது. 1961-ஆம் ஆண்டோடு தூத்துக்குடியின் முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. ஆனால் வெறும் உடம்போடு கடலில் இறங்குகிற உழைப்பு நின்றுவிட்டதா? நிற்கவில்லை.

இராமநாதபுரம் மாவட்டத்தில் பாம்பன், சின்னப்பாலம் முதலிய ஊர்களில் கடற்பாசி எடுக்கும் பெண்களை எண்ணிப் பாருங்கள். சேலையின் மேல் ஒரு பனியன் அல்லது சட்டை. பாறையில் அறுபடாமல் இருக்க விரல்தோறும் சுற்றிய துணிக்கீற்று. கண்ணில் ஒரு கண்ணாடி. பாறை குத்தாமலும் நீந்த உதவியாகவும் பாதத்தில் கட்டிய தகடு. இடுப்பில் பாசியைப் போடும் வலைப்பை. இவ்வளவே அவர்களுடைய ஆயத்தம். மூச்சை அடக்கி மூழ்கி, பாறையிலிருந்து பாசியைப் பறித்து, எழுந்து மூச்சு வாங்கி, மீண்டும் மூழ்குகிறார்கள். மணிக்கணக்கில் நீரில் இருக்கிறார்கள். நனைந்த சேலை உடம்பை ஒட்டிக்கொண்டு, கரைக்கு வந்த பிறகும் காற்றில் குளிரைக் கொட்டுகிறது. இந்தத் தாய்மார்கள் இழக்கின்ற அனலை அளந்து பார்த்தவர் யார்?

கொரியா தேசத்தில் அளந்து பார்த்தார்கள். ஜேஜூ தீவிலும் அந்நாட்டின் மற்றக் கரையோரங்களிலும் சிப்பியும் பாசியும் எடுக்கின்ற ஹேனியோ என்னும் பெண்கள், பருத்தி உடையோடு, ஏறக்குறைய பத்து டிகிரிக் குளிரில் மாரிக்காலத்திலும் மூழ்கி வந்தார்கள். 1960-களில் ஹாங் என்னும் கொரிய வைத்திய விஞ்ஞானியும் ரான் என்னும் அமெரிக்க விஞ்ஞானியும் இவர்களைப் பரிசோதித்தார்கள். கண்டது என்ன? கோடையில் நெடுநேரம் நீரில் நிற்கும் அப்பெண்கள், மாரியில் அரைமணிக்குள் கரையேறி நெருப்பண்டை அமர்ந்தார்கள். அவர்கள் கரையேறியது வேலை முடிந்ததனால் அன்று, உள் உஷ்ணம் 35 டிகிரியைத் தொட்டதனால். குளிர்காலத்தில், ஓய்வாக இருக்கும்போதுகூட அவர்களுடைய தேகம் மற்றவர்களுடையதைவிட அதிகமாக எரிந்து அதிக உஷ்ணத்தை உண்டாக்கியது. பின்னர் 1970-களின் கடைசியில் ரப்பர் நுரையாலான வெட்சூட் அவர்களுக்குக் கிடைத்தது; சில ஆண்டுகளில் அந்த விசேஷத் தாங்குசக்தி மறைந்தே போயிற்று. அவர்கள் உடம்பு பல ஆண்டு பாடுபட்டுச் செய்துவந்த வேலையை ஓர் உடை ஏற்றுக்கொண்டது. இதிலிருந்து நாம் அறிய வேண்டியது, குளிரைப் பொறுத்துக்கொள்வது ஒரு பெருமை அன்று, அது தேகத்தின்மேல் சுமத்தப்படுகின்ற ஒரு செலவு என்பதே.

இனி, உடை செய்கிற வேலை என்ன என்று பார்ப்போம். கம்பளியோ, பஞ்சோ, ரப்பரோ, எதுவாயினும் அது உஷ்ணத்தை உண்டாக்குவதில்லை. உண்டாக்குவது நம் உடம்பு. உடை காவல் காக்கிறது. மீன் கடைக்கு ஐஸ் கட்டியைக் கொண்டு செல்லுகிறவர் அதன்மேல் உமியைக் கொட்டிச் சாக்கால் மூடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உமிக்கு என்ன குளிர்ச்சி இருக்கிறது? ஒன்றுமில்லை. உமிக்கும் உமிக்கும் நடுவே அசையாமல் சிக்கிக்கொண்ட காற்று, வெளியிலிருக்கும் உஷ்ணத்தை உள்ளே விடாமல் தடுக்கிறது. அதே காற்று, உள்ளே ஓர் உயிருள்ள தேகம் இருக்குமானால், அதன் உஷ்ணத்தை வெளியே விடாமலும் தடுக்கும். ஆனால் அந்த உமி நனைந்துவிட்டால்? காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும், காவல் கலைந்துவிடும். அசையாத காற்று, நனையாத இடம்: உலருடையின் சாஸ்திரம் முழுதும் இவ்விரண்டில் அடங்கும்.

இந்த உண்மையை முதன்முதலில் செயலில் காட்டியவர்களுள் ஒருவர், ஜெர்மனியில் பிறந்து லண்டனில் தொழில் நடத்திய அகஸ்டஸ் சீபே. ரப்பர் பூசிய கித்தான் உடையையும் செம்புத் தலைக்கவசத்தையும் நீர் புகாமல் ஒன்றாக இணைத்து 1830-களின் இறுதியில் அவர் செய்த மூழ்குடைக்குள், மூழ்குகிறவர் கம்பளிச் சட்டைமேல் கம்பளிச் சட்டையும், கம்பளிக் காலுறையும், கம்பளித் தொப்பியும் அணிந்து இறங்கினார். 1782-இல் போர்ட்ஸ்மத் அருகே மூழ்கிய ராயல் ஜார்ஜ் என்ற போர்க்கப்பலை அப்புறப்படுத்த 1839 முதல் கர்னல் பாஸ்லி என்பவர் நடத்திய பெரும்பணியில் இவ்வுடை தன் திறமையை நிலைநாட்டியது. ஆனால் அந்தப் பணியில் உழைத்தவர்களை மூட்டுவலி விடாமல் துன்புறுத்தியது. குளிரால் வந்த வாதம் என்றே அனைவரும் நம்பினார்கள். ஆழத்தின் அழுத்தத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், விரைந்து மேலே வருங்கால் குமிழியாகி விளைவிக்கும் நோய் அது என்பதைப் பால் பேர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1878-இல் விளக்கினார். எவ்வளவு மெதுவாக மேலேற வேண்டும் என்ற அட்டவணையை ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1908-இல் வகுத்தார்.

அப்படியானால் குளிருக்கும் அந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லையா? சம்பந்தம் உண்டு. அமெரிக்கக் கடற்படையின் பரிசோதனைச் சாலை 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சி அதைக் காட்டியது. ஆழத்தில் வேலை செய்யும்போது உடம்பு கதகதப்பாக இருந்தால் இரத்தவோட்டம் மிகுந்து நைட்ரஜன் அதிகமாகக் கரைகிறது. மேலேறும் கட்டத்தில் உடம்பு குளிர்ந்துவிட்டால் இரத்தக் குழாய்கள் சுருங்கிக் கரைந்த வாயு வெளியேற வழியின்றி நிற்கிறது. ஆகவே இறங்கும்போது சூட்டை அனுபவித்து ஏறும்போது நடுங்குகிறவன்தான் மிகப் பெரிய அபாயத்தில் இருக்கிறான். பழைய மூழ்காளிகள் குளிரைக் குற்றவாளி என்றது முழு உண்மை அன்று. ஆனால் அது உடந்தையாக இருந்ததை விஞ்ஞானம் ஒப்புக்கொண்டது.

அடுத்து, வெட்சூட் என்பது வேறு, டிரைசூட் என்பது வேறு என்பதை நாம் அறிய வேண்டும். கலிபோர்னியா சர்வகலாசாலையில் பௌதிக சாஸ்திரியாக இருந்த ஹியூ பிராட்னர், 1950-களின் தொடக்கத்தில், உடம்பு நனைந்தால் என்ன, நுரையில் அடைபட்ட வாயுக் குமிழிகள் காவல் காத்தால் போதும் என்று கண்டு, நியோப்ரீன் என்ற ரப்பர் நுரையாலான உடையை வகுத்தார். உடைக்கும் தோலுக்கும் நடுவே புகுந்த சிறிதளவு நீர் உடம்புச் சூட்டால் வெதுவெதுப்பாகி நிற்கிறது. நம் கடலுக்கு இது மிகவும் போதுமானது. ஆனால் ஆழத்தில்? பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. முப்பது மீட்டரில் நான்கு மடங்கு. குமிழிகள் நசுங்கி உடை மெலிந்துபோகிறது. குளிர் மிகுந்த இடத்திலேயே காவல் குறைந்துவிடுகிறது. அந்த ஆழத்துக்கும் அந்தக் குளிருக்கும் ஏற்றது உலருடை.

அதை ஒருவர் உடுத்துவதைக் கிட்ட நின்று பாருங்கள். தோலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது செயற்கை நூலாடை. பருத்தி ஆகாது, ஏனெனில் அது வியர்வையைக் குடித்துத் தேக்கிவைத்துக்கொள்ளும். அதன்மேல் தடித்த பஞ்சு போன்ற உள்ளுடை. காற்றைப் பிடித்து வைப்பது இதுதான். இவற்றுக்கு மேல் நீர் புகாத வெளியுடை. கழுத்திலும் மணிக்கட்டிலும் லேடக்ஸ் ரப்பர் வளையங்கள் தோலைக் கவ்விக்கொள்கின்றன. இவை தளர்ந்தால் நீர் நுழையும், மிக இறுகினால் கைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டு விரல் சில்லிட்டுப் போகும். உடையை மூடுகின்ற ஜிப் தன் பற்களில் ஒன்றேனும் கோணினாலும், ஒரு நூலிழை சிக்கினாலும் அத்தனை முயற்சியும் வீணாகும்; ஆகையால் துணைவர் அதை விரலால் தடவிப் பார்த்தே அனுமதி தருகிறார். இவ்வளவும் அணிந்து கரையில் வெயிலில் நெடுநேரம் நின்றால் வியர்வையே உள்ளுடையை நனைத்துவிடும். நீரில் இறங்குமுன்னரே உடை நனைந்துவிட்டவர் அதிலுள்ள காவலைத் தாமே கலைத்தவராகிறார்.

இறங்க இறங்க அழுத்தம் உடையை உடம்பின்மேல் இறுக்கும், உள்ளுடை நசுங்கும், காற்றுக்கு இடமில்லாமல் போகும். அப்போது மார்பிலுள்ள வால்வைத் தொட்டுச் சிறிது காற்றை உள்ளே விடவேண்டும். மேலேறும்போதோ அந்தக் காற்று விரியும். இடது தோளின் வால்வு வழியே அதை விடாவிட்டால் மூழ்கியவன் பந்துபோல் மேலே வீசப்படுவான். காற்று காலுக்குப் போய்ச் சேர்ந்து தலைகீழாகக் கவிழ்ப்பதும் உண்டு. ஆகவே உஷ்ணத்தைக் காக்கும் அதே காற்று, தேர்ச்சி இல்லாதவரைக் கவிழ்க்கவும் வல்லது. பயிற்சி பெறாதவர் இவ்வுடையைத் தொடவே கூடாது.

உடைக்குள் காற்றுக்குப் பதிலாக ஆர்கான் வாயுவை விடுகிறவர்களும் உண்டு. அது உஷ்ணத்தைக் காற்றைக்காட்டிலும் மூன்றில் இரண்டு பங்கே கடத்தும். ஹீலியமோ காற்றைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு கடத்தும். எனவே மிக ஆழத்தில் ஹீலியக் கலவையைச் சுவாசிக்கிற மூழ்காளி அதையே உடைக்குள் விடமாட்டார். மிக ஆழத்தில் எண்ணெய்க் குழாய் வேலை செய்கிறவர்களுக்கு எந்தக் காவலும் போதாமையால், மேலே கப்பலில் சுடவைத்த நீரைக் குழாய்வழியே உடைக்குள் ஓட்டுகிறார்கள். தலையும் கையும் மறக்கத்தகாத இடங்கள். தலைக்குத் தடித்த நியோப்ரீன் உறை; கைக்கு உலர் கையுறை. விரல் மரத்துவிட்டால் வால்வைத் திருப்புவதும் கயிற்றை அவிழ்ப்பதும் இயலாது. விரல் போனபின் உயிரைக் காக்க வேறு கருவி இல்லை.

உடைக்கு வெளியிலும் சில தர்மங்கள் உண்டு. இறங்குமுன் போதிய அளவு உண்டிருக்க வேண்டும். உண்ட சோறே உஷ்ணத்தின் விறகு. நீர் தாராளமாகப் பருக வேண்டும். மதுவைத் தொடக்கூடாது, அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, சூடேறியதாக மனத்தை ஏமாற்றி, உள்ளே சேர்த்த அனலை வெளியே கொட்டிவிடும். கரையேறிய பின்னும் சிறிது நேரம் உள் உஷ்ணம் இறங்கிக்கொண்டே போகும்; ஆகவே உடனே நனைந்ததைக் களைந்து, உலர்ந்த துணி போர்த்தி, இனிப்பான சூடான பானம் அருந்தி, ஓய்வாக அமர வேண்டும். ஆழத்திலிருந்து வந்தவுடன் கொதிக்கும் நீரில் குளிப்பதும் கடினமாக உழைப்பதும் குமிழிநோய்க்கு வழிவகுக்கும்.

அன்பர்களே! தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர்கள் இன்று கம்ப்ரசர் காற்றை ரப்பர்க் குழாய்வழியே சுவாசித்து, மேலும் ஆழமாகவும் மேலும் நெடுநேரமும் கடலடியில் இருக்கிறார்கள். முன்பு மூச்சே அவர்களை மேலே இழுத்துவந்தது. இப்போது அந்த எல்லையும் இல்லை. அனல் குறைவதை எடுத்துரைக்கும் குரலாகத் தேகத்தின் நடுக்கம் ஒன்றே மிஞ்சியிருக்கிறது. இவர்களுக்கு உலருடை வேண்டியதில்லை. நம் கடல் அத்தனை குளிரன்று. மெல்லிய ஒரு வெட்சூட் போதும்; மேலேறும் முறையைக் கற்பிக்கும் பயிற்சி வேண்டும்; கரையில் உலர்ந்த துணியும் சூடான கஞ்சியும் வேண்டும். பாசி எடுக்கும் தாய்மார்களுக்கும் இதுவே வேண்டும். ஆற்று வெள்ளத்தில் இறங்கும் நம் தீயணைப்பு வீரர்களுக்கும் இதுவே வேண்டும். அடுத்தவர் உயிருக்காகவும் தம் குடும்பத்தின் சோற்றுக்காகவும் நீரில் இறங்குகிறவர்களின் அனலைக் காப்பது அவர்களுடைய பொறுப்பு மட்டுமன்று. அவர்கள் உழைப்பால் வாழும் நம் அனைவருடைய பொறுப்பு.

இங்கு அமர்ந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் சிலர் நாளை கடற்படையிலோ, கடலாராய்ச்சிச் சாலையிலோ, வெளிநாட்டுக் கடலிலோ மூழ்கிப் பணிசெய்வீர்கள். அப்போது குளிரைப் பொறுத்துக்காட்டுவதை வீரமென்று எண்ணாதீர்கள். உடையைச் சரிபாருங்கள், துணையோடு இறங்குங்கள், நடுக்கம் கண்ட அக்கணமே, வேலை எத்தனை பாக்கி இருந்தாலும், உரிய முறைப்படி மேலேறி வந்துவிடுங்கள். மிச்ச வேலையை மறுநாள் செய்து முடிக்கலாம்.